தாய்லாந்தில் ஓர் இரவுப் பஸ் பிரயாணம்

கற்றற்கும், பொருளீட்டற்கும், சுற்றத்தாரைக் காண்டற்கும், நோயுற்றாரைப் பேணற்கும் மாந்தர் ஊர்விட்டு ஊர் செல்கின்றனர். அங்ஙனஞ் செல்வோருட் பெரும்பாலார் செல்வரல்லர். ஆகாய விமானத்தின் விரைவையும் புகைவண்டியின் இன்பத்தையும் எடுத்துரைக்குங் கட்டுரைகள் பல. பஸ் வண்டியில் நெடுவழி செல்வோரைப் பற்றி எழுதுவார் சிலரே. ஆயினும் ஒரு நாட்டின் இயல்பை அறிய விழைவோர், அந்நாட்டுப் பொதுமக்கள் எவ்வண்டியில் ஏறுகின்றனரோ அவ்வண்டியிலேயே தாமும் ஏறுதல் வேண்டுமென்பது எமது துணிபு. சென்ற கோடை விடுமுறையில் வணிகத்தின் பொருட்டுத் தாய்லாந்து சென்ற எம் சிறிய தந்தையார் எம்மையும் உடனழைத்துச் சென்றனர். அந்நாட்டுத் தலைநகராகிய பாங்காக்கிலிருந்து வடபாலுள்ள சியாங் மாய் நகர்க்கு இருவேமும் ஓர் இரவு பஸ்ஸிற் சென்றோம். அவ்விரவிற் கண்டவற்றைத் துணையாகக் கொண்டு, அப்பிரயாணம் நடைபெறும் முறையினையும், அதன்கண் உறங்குவோர்க்கும் விழித்திருப்போர்க்கும் உள்ள தொடர்பினையும் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் இவ்விரு நகரங்களின் நிலையை அறிதல் நலம். பாங்காக் அந்நாட்டின் நடுவிலுள்ள தாழ்ந்த சமவெளியிற் கடலுக்கு அண்மையில் அமைந்தது. சியாங் மாய் வடக்கே மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் உள்ளது. ‘சியாங்’ என்பது நகர். ‘மாய்’ என்பது புதிது. எனவே சியாங் மாய் என்றால் புதுநகர் என்பது பொருள். 1296ஆம் ஆண்டில் மங்ராய் என்னும் மன்னர் இதனை நிறுவினர். எழுநூறு ஆண்டுகள் கடந்த பின்னும் புதுநகரென்றே பெயர் வழங்குவது நகைச்சுவை பயப்பதாம். இரண்டற்கும் இடையே சாலை வழித் தொலைவு ஏறக்குறைய 700 கிலோமீட்டர்.

இத்தொலைவைக் கடப்பது முற்காலத்தில் எளிதன்று. மக்கில்வரி என்னும் அமெரிக்கப் பாதிரியார் 1867ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 3ஆம் நாள் பாங்காக்கிற் குடும்பத்துடன் படகேறி, ஆற்றை எதிர்த்துப் பாறைகளினிடையே சென்று, ஏப்ரல் 3ஆம் நாளிலேயே சியாங் மாயை அடைந்தனர். மூன்று திங்கள் சென்றன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் புகைவண்டிப் பாதை மலையைக் குடைந்து சென்றது. குன் தான் மலைச் சுரங்கம் மாத்திரம் 1,352 மீட்டர் நீளமுடையது. இன்று ஆகாய விமானம் ஒரு மணிக்குச் சற்று மேற்பட்ட காலத்திற் சென்றுவிடுகின்றது. புகைவண்டி ஓரிரவு முழுவதும் எடுத்துக்கொள்கின்றது. பஸ் வண்டி ஒன்பது அல்லது பத்து மணி நேரத்திற் சேர்கின்றது.

விமானமும் புகைவண்டியும் இருக்கப் பஸ் எதற்கு என வினவலாம். புகைவண்டிக்குத் தண்டவாளம் வேண்டும். தண்டவாளமோ சில வழிகளிலேயே செல்கின்றது. விமானத்துக்கு விமான நிலையம் வேண்டும். பஸ்ஸுக்குச் சாலை ஒன்றே போதும். சிற்றூரின் கடைத்தெருவிலும் அது நின்று ஒரு முதியவளை இறக்கிவிடும். அவள் கொணர்ந்த மூட்டைகளையும் இறக்கிவைக்கும். அன்றியும், மாலையில் வேலை முடித்தவர் இரவில் ஏறி, ஒரு நாட்கூலியும் இழவாமல், விடியலில் தம் ஊரிற் கண்விழிக்கலாம். ஏழை மக்கட்கு இரவுப் பஸ் செய்யும் பேருதவி இதுவேயாம்.

இவ்வண்டிகளை நடத்துவார் யாவர்? அரசினர்க்குரிய போக்குவரத்துக் கம்பெனி ஒன்று உளது. அதன் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து மக்கள் அதனைப் ‘போ கோ சோ’ என வழங்குவர். தனியார் பலரும் அதனோடு உடன்படிக்கை செய்துகொண்டு தம் வண்டிகளை அதன் வழிகளில் ஓட்டுகின்றனர். அவை ‘கூட்டு வண்டிகள்’ எனப் பொருள்படும் பெயராற் சுட்டப்படும். இக்கம்பெனியின் வரலாற்றில் ஒரு புதுமை உண்டு. 1930ஆம் ஆண்டில் இது தோன்றியபோது ஆகாய விமானம் நடத்தும் பொருட்டே தோன்றியது. பஸ் நடத்துந் தொழில் பின்னரே வந்தது. வானிற் பறத்தற்கெனப் பிறந்த கம்பெனி தரையில் ஓடலாயிற்று. இன்றோ குறைந்த கட்டணத்திற் பறக்கும் விமானங்கள் அதன் பிரயாணிகளைக் கவர்ந்து செல்கின்றன.

வடக்கே செல்லும் பஸ்கள் புறப்படும் நிலையம் ‘மோ சிட்’ எனப்படும். ‘மோ’ என்பது மருத்துவர். சிட் என்பார் மூக்குப்பொடி மருந்து செய்து பெயர் பெற்றவர். அவர் பெயரே அவ்விடத்துக்கு ஆயிற்று. புதிதாய்ச் செல்வோர் இங்கு ஒன்றனை நினைவிற் கொள்ளல் வேண்டும். தூண்களின்மீது ஓடும் நகர இரயிலுக்கும் மோ சிட் என்றொரு நிலையம் உண்டு. பழைய பஸ் நிலையம் அதனருகே இருந்தது. பின்னர்ச் சில கிலோமீட்டர் அப்பாற் பெயர்க்கப்பட்டது. பஸ் நிலையம் பெயர்ந்தும் பெயர் பெயரவில்லை. இதனையறியாத யாம் அவ்விரயில் நிலையத்தில் இறங்கிப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு பஸ்களைத் தேடித் திரிந்தோம். பழம் விற்கும் மூதாட்டி ஒருத்தி எம் பெட்டிகளைப் பார்த்த அளவிலேயே எம் பிழையை உணர்ந்து, வாடகை வண்டியொன்றை நிறுத்திச் சாரதிக்கு இடஞ்சொல்லி எம்மை ஏற்றிவிட்டனள். எம்மைப்போல் எத்துணைப் பேரை அவள் ஏற்றிவிட்டனளோ!

யாம் பஸ் நிலையத்துட் புகுந்தபோது மாலை ஆறு மணி. ஒலிபெருக்கியில் அந்நாட்டு நாட்டுப்பாடல் எழுந்தது. ஓடியவர் நின்றனர், இருந்தவர் எழுந்தனர், சீட்டு விற்போரும் வாங்குவோரும் அசையாது நின்றனர். பாட்டு முடிந்தவுடன் மீண்டும் ஆரவாரம் தொடங்கிற்று. நாடோறுங் காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பொதுவிடங்களில் இவ்வழக்கம் நிகழ்வதாம்.

சீட்டு வாங்குமிடத்தில் எமக்கு இரண்டாம் இடர் நேர்ந்தது. வண்டி எப்பொழுது புறப்படுமென வினவினோம். அங்கிருந்த பெண்மணி ‘சோங் தும்’ என்றனள். ‘சோங்’ என்றால் இரண்டு என்பதை எம் சிறிய தந்தையார் முன்னரே கற்றிருந்தனர். ஆதலின் இரவு இரண்டு மணிக்கே வண்டியென்று துணிந்து, உணவருந்தி ஓரிடத்திற் சற்றுக் கண்ணயரலாமென்றனர். யாம் சீட்டை நோக்கினோம், அதில் 20.00 என்று அச்சிடப்பட்டிருந்தது. “சிற்றப்பா, இஃது எட்டு மணி வண்டியன்றோ?” என்று காட்டினோம். அவர் கண்ணாடியை அணிந்து இருமுறை நோக்கியபின், “நல்ல வேளை, நீ படிக்கக் கற்றிருக்கின்றாய்” என்றனர்.

இதன் காரணம் பின்னர்த் தெரிந்தது. தாய் மக்கள் பேச்சு வழக்கில் ஒரு நாளை ஆறு ஆறு மணியாக நான்கு கூறு செய்வர். மாலை ஏழு மணி இரவின் முதல் மணி. எட்டு மணி இரண்டாவது. ‘தும்’ என்பது முன்னாளில் இரவில் முழக்கிய முரசின் ஒலி. நள்ளிரவுக்குப் பின்வரும் மணிகளுக்கு வேறு சொல் உண்டு. ஆதலின் எண்ணை மாத்திரம் கேட்டுச் சொல்லை விடுவார் வண்டியையும் விடுவர். எழுத்து வழக்கிலோ இருபத்துநான்கு மணிக் கணக்கே உளது. அவ்வெண்ணின் பின் ஒரு தாய் எழுத்து நிற்கும். அது ‘நாலிகா’ என்னுஞ் சொல்லின் குறுக்கம். ‘நாலிகா’ என்பது நம் நாழிகைக்கு உறவான சொல்லேயாம். நம் நாழிகை 24 நிமிடங்கொண்டது. அவர் நாலிகா ஒரு மணி கொண்டது. கடல் கடந்து சென்ற சொல் அளவில் வளர்ந்துவிட்டது போலும்! மற்றும், சீட்டில் ஆண்டு புத்தர் சகாப்தத்தில் இருத்தலும் உண்டு. அது நம் கிறிஸ்து ஆண்டினும் 543 மிகும். 2025 அவர்க்கு 2568. ஐந்நூறு ஆண்டு கழித்துப் புறப்படும் வண்டிக்குச் சீட்டு வாங்கிவிட்டோமோவென்று அஞ்ச வேண்டுவதில்லை.

வண்டிகளில் வகுப்புக்கள் பல. மிக உயர்ந்தது 24 இருக்கைகளே உடையது. ஒரு பக்கம் இரண்டும் மறுபக்கம் ஒன்றுமாக அகன்ற இருக்கைகள் அமைந்து, படுக்கைபோற் பின்சாயும். அடுத்தது 32 இருக்கை. அதனினுங் கீழது நாற்பது அளவில் இருக்கைகள் கொண்ட முதல் வகுப்பு. அதன்பின் இடையிடையே பலவிடங்களில் நிற்கும் இரண்டாம் வகுப்பு. யாம் 32 இருக்கை வண்டியில் ஏறினோம். மூட்டைகளை வண்டியின் வயிற்றில் வைத்து எண்ணிட்ட துண்டுச்சீட்டுத் தந்தனர். இறங்கும்பொழுது அதனைக் காட்டியே பெறல் வேண்டும். பணிப்பெண் ஒருத்தி நீரும் தின்பண்டமும் போர்வையும் கொடுத்தனள். குளிர்ப்பதனக் கருவியோ மிக்க குளிரை உமிழ்ந்தது. வெளியிற் கோடை, உள்ளே மார்கழி. ஆதலிற் செல்வோர் ஒரு தடித்த ஆடையைக் கையிற் கொள்ளல் நன்று. பௌத்தத் துறவியர் அருகிற் பெண்டிர் அமர்தல் அந்நாட்டு வழக்கமன்று. எம் வண்டியில் ஒரு துறவியார் ஏற, முன்னிருக்கையிலிருந்த நங்கை ஒருத்தி யாருஞ் சொல்லாமலே எழுந்து வேறிடஞ் சென்றனள்.

சரியாக எட்டு மணிக்கு வண்டி புறப்பட்டது. நகரின் ஒளி குறைந்து வயல்களின் இருள் வந்தது. வழியிலுள்ள ஊர்ப்பெயர்களை நோக்குந்தோறும் எமக்கு வியப்பு மிக்கது. அயுத்தயா என்பது அயோத்தி. சிங் புரி என்பது சிங்கபுரி. நகோன் சவான் என்பது சுவர்க்க நகரம். வடசொற்கள் அந்நாட்டார் நாவில் உருமாறிச் சாலையோரப் பலகைகளில் நின்றன. நகோன் சவானிற் பிங், நான் என்னும் ஆறுகள் கூடிச் சாவ் பிரயா என்னும் பேராறாகின்றன. அதன் வடக்கே வழி பிரியும். சில வண்டிகள் பித்சனுலோக் வழியாகச் செல்லும். எம் வண்டி கம்பேங் பேட், தாக், லம்பாங் வழியாகச் சென்றது.

எமக்கு அடுத்த வரிசையில் ஒரு தாய் மாணவர் இருந்தனர். லம்பாங் அவரது ஊர், பாங்காக்கிற் பயில்பவர். ஆங்கிலம் ஓரளவு அறிந்தவராதலின் எம்முடன் அளவளாவினர். வண்டி புறப்பட்டவுடன் அவர் தம் இருக்கையின் வாரை இடையிற் பூட்டிக்கொண்டனர். எம் வார் இருக்கையின் இடுக்கிற் கிடந்தது. யாம் அதனைப் பொருட்படுத்தவில்லை.

இரவு பதினொன்றரை மணியளவில் நகோன் சவானை அடுத்த ஓர் உணவு விடுதியில் வண்டி நின்றது. சீட்டோடு இணைந்த உணவுச் சீட்டைக் கொடுத்து யாவரும் கஞ்சி போன்ற சுடுசோறு உண்டனர். அம்மாணவர் உண்ணாமல் முதலில் வண்டியின் முன்புறஞ் சென்று நோக்கினர். பின்பு தொலைபேசியில் ஓரிரு சொற் பேசினர். அதன் பின்னரே உண்ண வந்தனர். காரணம் வினவினோம். “என் அன்னையார்க்குச் சொன்னேன். நான் உண்டேனா என்று அவர் கேட்பதில்லை. சாரதி மாறினாரா என்றே கேட்பார். மாறினார் என்று சொன்னால்தான் உறங்குவார்” என்றனர்.

இவ்வினாவின் பொருளை ஈண்டு விளக்குதல் வேண்டும். தாய்லாந்தின் தரைவழிப் போக்குவரத்துச் சட்டம் 1979ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்படி இத்தகைய வண்டியின் சாரதி தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டலாகாது. அரை மணியேனும் இளைப்பாறிய பின்னரே மேலும் நான்கு மணி நேரம் ஓட்டலாம். சியாங் மாய் வழியோ ஒன்பது பத்து மணி நேரம் கொள்வது. ஆகவே ஒருவரே ஓட்டுதல் சட்டத்துக்கும் மாறு, உடலுக்கும் மாறு. மனிதன் உறக்கம் நள்ளிரவுக்குப் பின்னும் விடியற்கு முன்னும் மிக வலியது. அஞ்சா நெஞ்சனும் அதனை வெல்லல் அரிது. அவ்வேளையிற் சில நொடி இமை மூடினும், 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி நொடிக்கு 25 மீட்டர் வீதம் சாரதியின்றியே ஓடும்.

இஃது ஏட்டளவிலான அச்சமன்று. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், நள்ளிரவு கழிந்த சிறிது நேரத்தில், பாங்காக்கிலிருந்து தெற்கே சென்ற இரட்டையடுக்குப் பஸ் ஒன்று பிரச்சுவாப் கீரி கான் மாகாணத்திற் சாலையை விட்டு விலகி மரத்தில் மோதிற்று. பதினால்வர் இறந்தனர். சாரதி உறங்கியிருத்தல் கூடுமென அதிகாரிகள் ஐயுற்றனர். 2024ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள், பள்ளிச் சிறுவர் உலாச் சென்ற பஸ் ஒன்று பாங்காக்கின் வடபுறத்தே தீப்பற்ற, மாணவரும் ஆசிரியருமாக இருபத்துமூவர் மாண்டனர். இது சாரதியின் உறக்கத்தால் நேர்ந்ததன்று. எனினும், ஏறியவுடன் வெளியேறும் வழி யாதென அறிதல் வேண்டுமென்பதை எல்லார்க்கும் உணர்த்திற்று.

ஆயினும் பஸ்ஸையே பழித்தல் முறையன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2016ஆம் ஆண்டிற் தாய்லாந்தில் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 33 பேர் சாலை விபத்துக்களில் இறந்தனர். அவருள் நான்கில் மூன்று பங்கினர் இருசக்கர, முச்சக்கர மோட்டார் வண்டிகளிற் சென்றோர். ஆகவே, பஸ்ஸைத் துறந்து மோட்டார் சைக்கிளில் ஏறுவார் பாதுகாவலை அடையார். மேலும், பஸ் இருக்குமிடத்தையும் வேகத்தையும் விண்கோளின் துணையால் அறிவிக்குங் கருவியை அரசினர் பொது வண்டிகளிற் பொருத்தச் செய்துள்ளனர். பிரயாணிகள் இருக்கை வார் பூட்டுதலையும் சட்டமாக்கியுள்ளனர். மீறுவார்க்கு 5,000 பாட் வரையில் தண்டம் விதிக்கலாம். ஆனால் சட்டம் ஏட்டில் இருக்கும். வார் இருக்கையின் இடுக்கில் இருக்கும். இரண்டையும் வெளிக்கொணர்வது பிரயாணியின் கடமை.

அம்மாணவர் சொல்லைக் கேட்டபின் யாமும் வண்டியின் முன்புறஞ் சென்று பார்த்தோம். அதுகாறும் ஓட்டிய முதியவர் முகங்கழுவித் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தனர். இளையவர் ஒருவர் அவ்விருக்கையில் ஏறி, கண்ணாடியிற் றொங்கிய பூமாலையை நோக்கிக் கைகூப்பி, விளக்குகளைச் சோதித்தனர். முதியவர் உறங்கச் சென்றனர். எம் சிறிய தந்தையார் இதனை நெடுநேரம் நோக்கிநின்று, “முப்பது பேர் உறங்க இவர் ஒருவர் விழித்திருக்கப் போகின்றார். நாம் இவர் பெயரையும் அறியோம்” என்றனர். மீண்டும் ஏறியவுடன் அவரே இடுக்கிற் கையிட்டு எம் வாரை வெளியிலெடுத்துப் பூட்டினர். பின்னர்த் தம்முடையதையும் பூட்டிக்கொண்டனர்.

தாக்கைக் கடந்தபின் மலைகள் தொடங்கின. வளைவுகளில் வண்டி தாழ்ந்த கியரில் முனகிச் சென்றது, இறக்கங்களிலும் அவ்வாறே. இறக்கத்தில் பிரேக்கை மாத்திரம் நம்பினால் அது சூடேறித் தளரும். ஆதலின் இயந்திரத்தைக்கொண்டே வண்டியை அடக்குதல் நல்ல சாரதியின் இயல்பு. லம்பாங்கில் அம்மாணவர் இறங்கினர். விடியற்கு முந்திய இருளில் விளக்கின் கீழ் ஓர் அம்மையார் நின்றிருந்தனர். உறங்கியதாகச் சொல்லப்பட்ட அவர் கண்களில் உறக்கத்தின் சுவடு சிறிதும் இல்லை. மகனுடைய பையை வாங்கிக்கொண்டு, சாரதியை நோக்கி ஒருமுறை கைகூப்பினர்.

பொழுது புலரும் வேளையில் குன் தான் மலைத்தொடரைக் கடந்து, லம்பூன் வழியாகச் சியாங் மாயின் ‘ஆர்க்கேட்’ பஸ் நிலையத்தை அடைந்தோம். பழைய நகரம் அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. இரண்டு நீண்ட பலகை இருக்கைகளையுடைய சிவப்பு வண்டிகள் அங்குச் செல்வோரை ஏற்றக் காத்துநின்றன.

நெடுவழிப் பஸ்ஸிற் செல்ல விழையும் நம் மாணவ நண்பர்க்கு யாம் சொல்லத்தக்கவை சிலவே. நேரத்தை வாயாற் கேட்பதோடு எழுத்திலும் பார்த்தல், ஏறியவுடன் வெளியேறும் வழியை அறிதல், வாரைப் பூட்டுதல், நள்ளிரவில் இரண்டாஞ் சாரதி உளரா எனக் கேட்டல். கேட்பது நாணத்தக்கதன்று. கேட்பார் பலராயின், மாற்றுச் சாரதியின்றி வண்டி விடுதற்கு அஞ்சுவாரும் பலராவர். இது தாய்லாந்துக்கு மாத்திரம் உரியதன்று. பண்டிகைக் காலத்தில் நம் ஊர்க்கு இரவுப் பஸ்ஸில் ஏறும் நமக்கும் உரியதே.

இறங்கியபின் எம் மூட்டைகளைப் பெற்றுக்கொண்டு முன்புறஞ் சென்றோம். இளைய சாரதி படியில் அமர்ந்து தேநீர் பருகிக்கொண்டிருந்தனர், கண்கள் சிவந்திருந்தன. அவர் மொழியில் எமக்குத் தெரிந்தது நன்றி கூறுஞ் சொல் ஒன்றே. அதனைச் சொன்னோம். அவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கைகூப்பினர்.